"என்ன தம்பி தேடுறீங்க?"

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஜிபிஎஸ் புதையல் வேட்டை: ஒளித்து வைக்கத்தான் இடமில்லை, கண்டுபிடிக்க நிறையவே இருக்கிறது

மாடம்பாக்கம் ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணி. இரண்டு சைக்கிள்களை மரத்தில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் கரையோரக் கற்களுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். இளைஞர் கையில் செல்போன். நான்கடி முன்னால் போகிறார், திரையைப் பார்க்கிறார், மூன்றடி பின்னால் வருகிறார்.

வாக்கிங் வந்த பெரியவர் நின்றுவிட்டார். "என்ன தம்பி தேடுறீங்க? சாவி கீவி விழுந்துடுச்சா?"

"இல்ல அங்கிள். சும்மா."

'சும்மா' என்ற பதிலைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிற மனிதர் நம் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. பெரியவர் நின்றார். பால் பாக்கெட்டோடு வந்தவர் நின்றார். ஆடு ஓட்டி வந்த அம்மாவும் நின்றார். கடைசியில் உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நண்பர்கள் இங்கே ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

"டப்பாவுல என்ன, பணமா?"

"இல்லீங்க. சின்னதா ஒரு நோட்டு. அதுல எங்க பேரை எழுதணும்."

"எழுதிட்டு?"

"திரும்ப அங்கேயே வெச்சிடணும்."

"இதுக்கா விடியக்காலையில சைக்கிள் மிதிச்சு வந்தீங்க?" என்ற பெரியவர், அடுத்த நிமிடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் இடுக்கில் கையை விடப் போனார். "பாத்துங்க, பாம்பு கெடக்கும்" என்று அந்த அம்மா அதட்டியதும் கையை இழுத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் தேடும் கூட்டம் ஏழு பேராகிவிட்டது. டப்பாவை எடுத்துக் கொடுத்தது ஆடு ஓட்டி வந்த அம்மா. அந்தக் கரையில் எந்தக் கல் நேற்று இருந்த இடத்தில் இல்லை என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

யார் கண்ணிலும் படாமல் ஆட வேண்டும் என்பது உலகம் முழுக்க இந்த விளையாட்டின் எழுதாத சட்டம். மாடம்பாக்கத்தில் அது பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

பக்கெட்டில் தொடங்கியது

விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். 2000-ம் ஆண்டு மே 2-ம் தேதி வரை, சாமானியர் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவிகளுக்கு வரும் சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலங்கலாக்கி வைத்திருந்தது. அன்று அதிபர் கிளின்டன் உத்தரவில் அந்தத் தடை நீங்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைப் பாதி புதைத்து வைத்து, இருப்பிட எண்களை இணையத்தில் போட்டார். உள்ளே புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். மூன்றே நாளில் ஆள் வந்து எடுத்துவிட்டது. இன்று உலகெங்கும் இப்படி ஒளித்து வைக்கப்பட்டவை 30 லட்சத்தைத் தாண்டும். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நீண்ட நடைபாதை, சைக்கிள் பாதை நெடுகச் சங்கிலித் தொடராக வைத்திருக்கிறார்கள். காலையில் கிளம்பினால் மாலைக்குள் நூறு டப்பாவில் பெயர் எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

ஜிபிஎஸ்ஸுக்கு முன்பும் இந்தக் கிறுக்கு இருந்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் பொட்டல்வெளியில், கிரான்மியர் குளம் என்ற எட்டாத இடத்தில், ஜேம்ஸ் பெராட் என்ற வழிகாட்டி 1854-ல் ஒரு பாட்டிலை வைத்து, வந்து சேர்ந்தவர்கள் தங்கள் சீட்டைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

இந்திய வரைபடத்தில் இந்தப் புள்ளிகள் சொற்பம். தாம்பரம் பக்கம் வார இறுதியில் சைக்கிள் எடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். வண்டலூர்-கேளம்பாக்கம் சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. ஓடும் வெளிவட்டச் சாலை என விடியலில் விளக்கு மின்ன வரிசையாகப் போகிறார்கள். இத்தனை பேர் மிதித்தும் நம் பாதைகளில் ஏன் டப்பாக்கள் முளைக்கவில்லை?

எங்கே ஒளிப்பது?

கிண்டியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் தெற்கே வாருங்கள். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. மீனம்பாக்கத்தில் விமான நிலையம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம். வழி நெடுக ஒட்டிக்கொண்டே வரும் ரயில் பாதை. ராணுவ வளாகம், விமான நிலையம், தண்டவாளம் ஆகியவற்றின் அருகே எதையும் வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டை நடத்துபவர்களே போட்டிருக்கும் கட்டுப்பாடு. ஆக, பிரதான சாலை முழுக்க ஆட்டத்துக்கு வெளியே.

சரி, உள்ளே போகலாம் என்றால் நன்மங்கலமும் வண்டலூரும் காப்புக்காடுகள். அனுமதி இல்லாமல் நுழைவதே தமிழ்நாடு வனச் சட்டம், 1882-ன்படி குற்றம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022 ஏப்ரலில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பிடித்தது. அங்கே வனத்துறை போட்ட வேலிக்கு வெளியே நின்று பறவை பார்க்கலாம், அவ்வளவுதான். கல்குவாரிக் குட்டைகளைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. திரிசூலம் தொடங்கி ஒட்டியம்பாக்கம் வரை, பார்க்க நீலமாக, அழகாக இருக்கும். குளிக்க இறங்கிய பிள்ளைகள் மூழ்கினார்கள் என்பது இந்தப் பகுதியில் அடிக்கடி வரும் செய்தி. அந்தப் பாறை விளிம்பில் டப்பா வைப்பவர் விளையாடவில்லை, வினையை விதைக்கிறார்.

மண்ணைத் தோண்டிப் புதைக்கலாமா? கூடாது என்று ஆட்ட விதியே சொல்கிறது. பல்லாவரம் பக்கத்தில் அதற்கு இன்னும் கனமான காரணம் இருக்கிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் செம்மண் சரளைக் குழியில் ஒரு கல் கோடரியை எடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. பெருங்கற்கால மக்களின் சுடுமண் ஈமப்பேழைகளும் இங்கே கிடைத்தன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டுமானத்துக்குத் தடை, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாடு என்ற தொல்லியல் சட்டம், வீட்டுக்கு ஒரு மாடி எழுப்ப நினைத்த பல்லாவரம்வாசிகளுக்கு அத்துபடி. அவர்கள் செங்கல் வைக்கத் தயங்கும் இடத்தில் விளையாட வந்தவர் கடப்பாரை எடுத்தால் ஊர் சும்மா இருக்காது. இருக்கவும் கூடாது.

மிச்சம் இருப்பது ஏரிக்கரை, ஆற்றங்கரை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மிதந்தன என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்க வேண்டியதில்லை. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை சுற்றுவட்டாரம் தத்தளித்தது. ஐப்பசி, கார்த்திகை தாண்டி நிற்கிற டப்பா இங்கே அதிசயம். மழைக்குத் தப்பியதைப் பழைய பிளாஸ்டிக் பொறுக்குபவர் எடுத்துப் போவார். அது அவர் பிழைப்பு, அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

டப்பாவா, வெடியா?

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் வேறு. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள், போலீஸிடம் சொல்லுங்கள் என்று ரயில் நிலைய ஒலிபெருக்கி சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூடங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வருவதும், மோப்ப நாயோடு போலீஸ் வருவதும் சென்னைக்குப் புதிதல்ல. இந்தச் சூழலில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு டப்பாவை மின்கம்பத்தின் அடியில் ஒருவர் செருகுவதைப் பார்த்தால் என்ன நினைப்போம்?

இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறு நகரில் 2011-ல் இதுதான் நடந்தது. ஒரு கஃபே வாசலில் ஒருவர் குனிந்து எதையோ வைத்ததைப் பார்த்துத் தகவல் போனது. கடைகளைக் காலி செய்து, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து, டப்பாவை வெடிக்கவைத்த பிறகுதான் உள்ளே இருந்தது பெயர் எழுதும் சீட்டு என்று தெரிந்தது. அங்கே ஒரு நாள் கூத்தோடு போயிற்று. விமானப்படைத் தளமும் ராணுவ அகாடமியும் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் அப்படி முடியுமா என்பது சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சந்தேகம் எல்லார் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. வெளிநாட்டு ஹெல்மெட், உடலை ஒட்டிய சைக்கிள் ஜெர்ஸி, விலை உயர்ந்த சைக்கிள் இருந்தால் "என்ன தம்பி தேடுறீங்க" என்று கேள்வி மரியாதையாக வரும். அழுக்குச் சட்டையோடு ஒரு பையன் அதே புதரில் அதே போனை வைத்துக்கொண்டு துழாவினால் கேள்வியின் தொனி வேறு, சில சமயம் கேள்வியே இல்லாமல் அடி. பெண்கள் தனியாக ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்றாலே யாராவது இரண்டு பேர் பைக்கை நிறுத்துவார்கள். ஒரு பொது இடத்தில் காரணம் சொல்லாமல் நிற்பதற்கு இங்கே யாருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதை இந்த விளையாட்டு அப்பட்டமாகக் காட்டிவிடுகிறது.

ஆகவே, நம் ஊரில் இதைத் திருட்டுத்தனமாக ஆட வேண்டாம். டீக்கடைக்காரருக்குத் தெரிந்து, நூலகருக்குத் தெரிந்து, கோயில் குருக்களுக்குத் தெரிந்து ஆடலாம். டப்பாவைக் கல் இடுக்கில் வைப்பதைவிடக் கடையின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது மேல். ஒரு டீ குடித்தால் நோட்டு கையில் வரும். மேலைநாட்டு ஆட்டக்காரர்கள் மூக்கைச் சுளிக்கலாம். ஆனால் மாடம்பாக்கத்துப் பெரியவர் கேட்ட அடுத்த நிமிடமே ஆட்டத்தில் சேர்ந்தாரே, அந்த வசதி அவர்களுக்கு இல்லை.

┌─────────────
கிளம்பும் முன்…

• திறந்தவெளியில் செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் வரை பிழை காட்டும். மரத்தடியிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் பிழை கூடும். எண்களை நம்பி ஓரளவுக்கு மேல் தோண்டித் துருவாதீர்கள்.

• கல் இடுக்கில் கையை விடாதீர்கள். முதலில் குச்சி. கண்ணாடி விரியனும் தேளும் ஆட்ட விதிகளைப் படிப்பதில்லை.

• டப்பா வைப்பதானால் உள்ளே இருப்பது தெரியும்படியான டப்பா, மேலே தமிழில் விளக்கம். இடத்துக்காரர் அனுமதி கட்டாயம். உணவுப்பொருள், தீப்பெட்டி, கத்தி கூடாது.

• இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

• சாதாரண ஜிபிஎஸ் கருவி வைத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிக்கு இந்தியாவில் உரிமம் வேண்டும். இது தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேறிகள் 2024-ல் விமான நிலையங்களில் பிடிபட்டார்கள்.
└─────────────

டப்பாவே இல்லாத புதையல்

டப்பா இல்லாமலும் இதை ஆடலாம். 2004-ல் அமெரிக்கப் புவியியல் சங்கத்தோடு சேர்ந்து தொடங்கிய ஒரு வகை, எர்த்கேச். அங்கே போய் நிற்க வேண்டும், பாறையைப் பார்க்க வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். எதையும் வைப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

இதற்கு நம் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் அமையாது. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் அந்தக் கருநீலப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் கல்லறையை மூடியிருக்கும் கல், பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது என்று கருதப்படுகிறது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அந்தக் கல்லறைக்காரர் பெயரையே பாறைக்கு வைத்தார். இன்று உலகத்தின் எந்தக் கண்டத்தில் அந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து தினமும் மின்சார ரயிலில் அதைக் கடந்து போகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

நெடுந்தூர சைக்கிள்காரர்களுக்கு இந்த முறை புதிதும் அல்ல. 200 கி.மீ.யைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பி.ஆர்.எம். ஓட்டங்களில், வழியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஆளில்லாத புள்ளியாக இருந்தால் ஒரு கேள்வி இருக்கும்: எதிரே இருக்கும் மைல்கல்லில் என்ன எழுதியிருக்கிறது? போகாதவருக்குப் பதில் தெரியாது. நள்ளிரவில், கால் வலியோடு, ஹெட்லைட் வெளிச்சத்தில் மைல்கல்லைத் துடைத்துப் படிக்கும் அந்த மனிதர் ஆடுவதும் இதே ஆட்டம்தான்.

┌─────────────
ஒரு நாள் சுற்று

பரங்கிமலையில் தொடங்கி ஏறத்தாழ 50 கி.மீ. டப்பா வேண்டாம், கேள்வி போதும்.

பரங்கிமலை: உச்சியில் தேவாலயமும், நில அளவையாளர் லாம்டனின் மார்பளவுச் சிலையும்.
பல்லாவரம்: மகேந்திரவர்மன் காலக் குடைவரை. இன்று அங்கே தர்கா. தூண்களில் மன்னனின் பட்டப்பெயர்கள்.
திருநீர்மலை: 108 திவ்ய தேசங்களில் ஒன்று. குன்றின் மேலும் கீழும் சன்னதிகள்.
மாடம்பாக்கம்: தேனுபுரீஸ்வரர் கோயில். விமானம் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும் கஜபிருஷ்ட அமைப்பு.
பெரும்பாக்கம்: ஏன் என்பதைக் கடைசிப் பகுதியில் பாருங்கள்.
└─────────────

தண்ணீர் போட்ட பாதை

சாலையை மறந்துவிட்டு ஏரிகளைப் பிடித்துப் போனால் இன்னும் நல்ல பாதை கிடைக்கும். சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணையில் போய்ச் சேர வேண்டும். இந்தத் தொடரைப் பள்ளத்தைப் பார்த்து வெட்டியவர்கள் நம் முன்னோர். சைக்கிளில் இறக்கத்தைப் பிடித்துப் போனாலே கிட்டத்தட்ட அதே வழி வந்துவிடும். இடையில் வழி மறிப்பது லேஅவுட்டுகளும் ஆக்கிரமிப்பும் சாக்கடையும்தான்.

இங்கேதான் இந்த விளையாட்டால் ஊருக்கு ஏதாவது லாபம் இருக்கும் என்று நினைக்கிறேன். 2002 முதல் ஜியோகேச்சிங்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: தேடப் போகும் இடத்திலிருந்து குப்பையோடு திரும்புவது. சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் பல ஆண்டுகள் ஏரிக்காக இறங்கி வேலை பார்த்து, மனுப் போட்டு, சண்டை பிடித்து அரசை இறங்கிவர வைத்தார்கள். அந்த மாதிரி வேலையை வாரம் ஒருமுறை வந்து போகும் சைக்கிள்காரர் செய்துவிட முடியாது, அந்தப் பெருமையைக் கொண்டாடவும் கூடாது. ஆனால் எந்தக் கால்வாய் எங்கே அடைத்திருக்கிறது என்று அட்சரேகையோடு படம் எடுத்துத் தருகிற கண்கள் நூறு கிடைத்தால், 2021-ல் பிறந்த தாம்பரம் மாநகராட்சிக்கு அது கசக்காது. மழைக்கு முன் வந்தால் இன்னும் நல்லது.

கோட்டின் தெற்கு முனை

இந்தப் பகுதியின் மிகப் பெரிய புதையல் 1802-ல் வைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல், அதாவது சுமார் 12 கி.மீ. கையில் 100 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்த சங்கிலி அது. சித்திரை வெயிலில் இரும்பு நீளும், நீண்டால் கணக்குத் தப்பும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து, வெப்பமானி வைத்து அளந்தார்கள். அப்படி 400 முறை. 57 நாட்கள் ஆயின.

அந்த அடிக்கோட்டின் மேல்தான் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் அளக்கப்பட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் அதிலிருந்து வந்தது. லாம்டனின் பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை. வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் வரை போய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த வேலையை இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் போன் செய்துவிடுகிறது.

இன்றைய வரைபடத்தில் பரங்கிமலையையும் பெரும்பாக்கத்தையும் ஸ்கேலால் இணைத்துப் பாருங்கள். ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கமாகக் கோடு போகும். அன்று பார்வைக்குத் தடையே இல்லாத சமவெளி என்பதால்தான் லாம்டன் இதைத் தேர்ந்தெடுத்தார். இன்று அந்தக் கோட்டில் நூறடி நேராகப் பார்க்க முடிந்தால் ஆச்சரியம். வட முனையில் அவருக்குச் சிலை இருக்கிறது, ஒரு சிலர் போய்ப் பார்க்கிறார்கள். தெற்கு முனையான பெரும்பாக்கத்தின் பெயர் செய்தியில் அடிபடுவதெல்லாம் நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிரச்னைகளுக்காகத்தான்.

அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. ஆசிரியரோடு பெரும்பாக்கத்தில் நின்று, போனில் அட்சரேகையைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு பரங்கிமலை உச்சிக்கு வந்து மறுபடி குறிக்கட்டும். கோடு கிட்டத்தட்ட வடக்கு-தெற்காகவே ஓடுவதால் கணக்கு சுலபம். இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை கலை (மினிட்) என்று பார்த்து, ஒரு கலைக்கு 1.85 கி.மீ. என்று பெருக்கினால் போதும். விடை 12-ஐ ஒட்டி வரும். லாம்டன் 57 நாள் பட்ட பாட்டை எட்டாம் வகுப்பு மாணவி ஒரே நாளில், இரண்டு பஸ் மாறிச் சரிபார்த்துவிடுவார். கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு வேண்டுமே? பள்ளி நூலகத்தில் வைக்கலாம், தலைமையாசிரியர் அனுமதித்தால்.